கேன் கடையில் சீரகத் தண்ணீர்

கேன் தண்ணீர் வியாபாரத்தில், தண்ணீரைப் பற்றி யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. அதை விற்கிறவள் என்ன குடிக்கிறாள் என்பதைத்தான் விசாரிக்கிறார்கள்.

இந்தத் தீவில், ஹேடோ பகுதியில் இருக்கும் எங்கள் கடையில் போன் எடுப்பது என் வேலை. பி.எஸ்சி. முடித்தவள். முன்பின் தெரியாதவர்களோடு பேசக் கூச்சப்படுகிறவள். எனக்கென்று பார்த்து, நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வேலை வாய்த்தது. எங்கள் ஊர் பெரார்கஞ்சிலிருந்து பஸ்ஸில் வரும்போது என் பையில் ஒரு எவர்சில்வர் பாட்டில் இருக்கும். வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சீரகம் போட்டுக் காய்ச்சி அம்மா ஊற்றித் தருவது. அது வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்பது முதலாளி அண்ணாச்சியின் கட்டளை. அதனால் பாட்டில் மேஜைக்கு அடியில், என் காலருகே இருக்கும். இந்த வேலை போனால் அடுத்த கப்பலிலேயே மெயின்லேண்டுக்கு, மதுரைச் சித்தி வீட்டுக்கு என்னை அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். சித்தியிடம் மாப்பிள்ளை ஜாதகங்கள் தயாராக இருக்கின்றன.

தான் தொடாத சோப்பையும் தான் உடுத்தாத புடவையையும் சிரித்த முகத்தோடு விற்கும் தோழிகளே, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

மூடி வராத வாரம்

எங்கள் தண்ணீர் இந்த மண்ணின் கிணற்றுத் தண்ணீர். அதைச் சுத்தம் செய்யும் மெஷினும் இங்கேதான் ஓடுகிறது. கேனை மூடும் மூடியும் சீலும் மட்டும் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஒருமுறை கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானது. பழைய மூடிகளை வெந்நீரில் கழுவிப் போட்டு அனுப்பினோம். சீல் கிடையாது. அனுப்பும் முன் நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "அதே கிணறு, அதே மெஷின், சீல் மட்டும் இல்லை, சம்மதமா?" என்று கேட்டேன்.

குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருக்கும் ரிட்டயர்டு துறைமுக ஊழியர் ஒருவர், சரி என்று சொல்லிவிட்டு, வந்த கேனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டார். வருஷக்கணக்காக எங்களிடம் வாங்குகிறவர். ருசியில் ஏதாவது குறையா என்று கேட்டேன்.

"தண்ணி எதுவா வேணா இருக்கட்டும்மா. சீல் இல்லாம நான் எப்படி நம்புறது?"

கைக்குழந்தைக்காரி

குழாயில் தண்ணீர் முறை வைத்து வரும் கோடைக்காலம். ஒரு பெண் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, கைக்குழந்தை இருக்கு. குழாய்த் தண்ணி குடுக்கவே கூடாதா?"

இந்தக் கேள்விக்கு அண்ணாச்சி பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்: 'ஐயய்யோ, கூடவே கூடாது!' அந்த 'ஐயய்யோ' என் வாயில் வரவில்லை. "உங்க குழாயப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. எந்தத் தண்ணியா இருந்தாலும் குழந்தைக்கு நல்லாக் கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடுங்க. டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க" என்றேன். எதிர் மேஜையில் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். வாடிக்கை போயிற்று என்று நானும் நினைத்தேன். அந்தப் பெண்ணோ கணக்குப் போட்டாள்.

"குழந்தைக்குக் காய்ச்சிக்கிறேன்க்கா. எங்க எல்லாருக்கும் காய்ச்சினா கேஸ் தாங்காது, அந்தச் சிலிண்டரும் கப்பல்லதான வரணும்? ஒரு கேன் அனுப்பிடுங்க."

மெயின்லேண்ட் தண்ணீர்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அரசு ஊழியர் ஒருவர் கடைக்கே வந்தார். கேனைத் தட்டிப் பார்த்து, "இது மெயின்லேண்ட் தண்ணியா?" என்றார். இல்லை, இந்த ஊர்க் கிணறுதான் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மெயின்லேண்ட் தண்ணீராக இருந்தால் கூடவே இன்னொரு கேனும் வாங்கியிருப்பாராம்.

வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்த எங்கள் வங்காளி டிரைவர் தபன்தா திரும்பிப் பார்த்தார்.

"சார், இந்தப் பானிய மெயின்லேண்ட் கொண்டு போ. 'ஐலண்ட் பானி'ன்னு சொல்லு. டபுள் ரேட்ல விக்கும்!"

ஒளிந்து குடித்தவள்

பெரிய லாட்ஜ் ஒன்றின் மேனேஜர் மொத்த ஆர்டர் பேச வந்தார். தெலுங்குக்காரர், தமிழ் சரளமாக வரும். அண்ணாச்சி அவருக்கு நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார். எனக்கோ தொண்டை வறண்டுவிட்டது. மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு வாய் குடித்து நிமிர்ந்தேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஒளிஞ்சு குடிக்கிறே? உள்ள என்ன?"

"நம்ம கேன் தண்ணிதான் சார்!" என்று அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. "இல்ல சார். எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. காய்ச்சினது" என்றேன்.

"அப்ப கேன்ல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல சார். எங்க வீட்டுல விறகு இருக்கு, காய்ச்ச ஆள் இருக்கு. உங்க ரூம்ல தங்குறவங்களுக்கு ரெண்டும் இல்ல."

யோசித்துச் சொல்வதாக அவர் எழுந்து போனார். அண்ணாச்சி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நாளைக்கு அந்தப் பாட்டில் வந்தா, நீ வராண்டாம் பிள்ள."

மறுநாள்

நானும் பாட்டிலும், இருவருமே வந்தோம். பஸ்ஸில் வரும்போது அதைப் பைக்குள் அமுக்கியே வைத்திருந்தேன். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் பாட்டிலை எடுத்து மேஜை மேல், போனுக்குப் பக்கத்தில், வாசலில் இருந்து பார்த்தாலே தெரியும்படி வைத்தேன். அண்ணாச்சி வந்தார். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். போன் அடித்தது.

லாட்ஜ் மேனேஜர். ரூம்களுக்கெல்லாம் கேன் அனுப்பச் சொன்னார். சமையலுக்கும் ஸ்டாஃபுக்கும் வேண்டாமாம், கிச்சனிலேயே காய்ச்சிக்கொள்வார்களாம். ஒரு வார்த்தை விடாமல் அண்ணாச்சியிடம் சொன்னேன். தபன்தா சிரிப்பை மறைக்க வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். அண்ணாச்சி பாட்டிலையே முறைத்தார்.

"பாதி ஆர்டரை இந்தப் பாட்டில் குடிச்சிட்டுல்லா!"

இன்றும் நான் வேலையில் இருக்கிறேன், பாட்டிலும் மேஜை மேல் இருக்கிறது. எங்கள் இருவரில் யாரை முதலில் வெளியே அனுப்புவது என்று அண்ணாச்சிதான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.