கை தூக்கினவரு

எங்க வூட்டுக்காரரு பேரு முனிரத்தினம். மண்ணூர்காரரு. ஒரகடத்துல ஒரு கம்பெனில பதினோரு வருசம் பிரஸ் மெஷின் ஓட்டுனாரு, காண்ட்ராக்ட்ல. இதோ பெர்மனென்ட், அதோ பெர்மனென்ட்னு சொல்லியே தலை நரைச்சிடுச்சி. நானும் அதே கம்பெனிதான், ஹவுஸ்கீப்பிங். தகடு வெட்டறப்ப சிதறுற துண்டைப் பெருக்கி அள்ளணும். பேரு நல்லாத்தான் கீது, இடுப்பைக் கேட்டாத்தான் தெரியும்.

அந்த பிரஸ் யூகோஸ்லாவியாலருந்து வந்த பழைய மெஷின். அந்தப் பேர்ல இப்போ நாடே இல்லையாம், ஆறேழு துண்டா ஒடைஞ்சி போச்சாம். மெஷினைப் பூட்டிக் குடுக்க மிலான்னு ஒரு பெரியவரு வந்தாரு. அவங்க ஊர்ல அதை ஓட்டுனதே அவருதான். மூணு மாசம் இருந்தாரு. ஞாயித்துக்கெழமையானா எங்க வூட்ல மீன் கொழம்பு துன்னுட்டு, மூக்கு ஒழுக ஒழுக கதை சொல்லுவாரு. பாதி இங்கிலீஷ், பாதி சைகை. எங்க வூட்டுக்காரரு எனக்கு எடுத்துச் சொல்லுவாரு.

அங்க ஃபேக்டரி ஆளுங்களே கமிட்டி வச்சிக்கினு, கை தூக்கித்தான் முடிவு பண்ணுவாங்களாம். மேனேஜர் யாரு, யாருக்கு வூடு குடுக்கறது, எல்லாத்துக்கும். "அப்போ ஏமாத்தே கெடையாதா?"ன்னு கேட்டேன். பெரியவரு சிரிச்சாரு. பெரிய ஆளுங்க சொந்தத்துக்குத்தான் வூடு முதல்ல கெடைக்குமாம். அப்புறம் சண்டை வந்து நாடு ஒடைஞ்சிது. எட்டு மாசம் சம்பளம் இல்ல. ஒருத்தன் வந்து ஃபேக்டரிய வாங்கிக்கறேன்னான். விக்கலாமான்னு கேட்டாங்க, எல்லாரும் கை தூக்குனாங்க. வாங்குனவன் மெஷின் மெஷினா கழட்டி வித்துட்டானாம். "நானும் தூக்குனேன்"னு சொல்லிட்டு அந்த மனுசன் கண்ணைத் தொடைச்சாரு.

எனக்கு அழுகைதான் ஞாபகம் நின்னுச்சி. இவருக்கு கை தூக்குனது மட்டும் மண்டைல ஏறிடுச்சி. "நம்மளையும் ஒருநாள் அப்பிடிக் கேக்கணும் கிளி"ம்பாரு. "அட போய்யா, டீக்கு சக்கரை போதுமான்னே இங்க கேக்க மாட்டான்"னு சொல்லுவேன்.

போன வருசம் ஆவணில, ஆர்டர் அவசரம்னு பிரஸ்ல விரலைக் காப்பாத்தற கம்பிக் கவரைக் கழட்டி வச்சிட்டு ஓட்டச் சொன்னாங்க. பத்தாவது நாள், விளாத்திகுளத்துப் பொண்ணு முத்துச்செல்விக்கு ரெண்டு விரல் போச்சி. ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யற பொண்ணு, இருபத்திரெண்டு வயசு. கவரு இருந்துச்சி, இவதான் அஜாக்கிரதையா கைய வுட்டான்னு ரிப்போர்ட் எழுதிட்டானுங்க. பழி அவ தலையில, வேலையும் காலி.

மறுநாள் காலைல ஷிஃப்ட் மீட்டிங். மேனேஜர் ரிப்போர்ட்டைப் படிச்சி முடிச்சாரு. இவரு முன்னாடி வந்தாரு. "ஒரு நிமிசம் சார். கவரு இல்லாம ஓடுனதப் பாத்தவங்க கை தூக்குங்க"ன்னு சொல்லிட்டு முதல்ல தன் கையத் தூக்குனாரு. ஒருத்தரு தூக்குனா மத்தவங்களும் தூக்கிடுவாங்கன்னு நெனச்சிக்கினாரு, பைத்தியக்கார மனுசன். நாப்பது பேரும் தரையப் பாத்துக்கினு நின்னாங்க. கைய எறக்காம இவரு ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தாரு.

நான் கடைசி வரிசைல நின்னேன். பத்து நாளா அந்தக் கவரு செவுத்துல சாஞ்சிக்கினு கெடந்துச்சி. தெனம் அதை நவுத்தி வச்சிட்டுப் பெருக்குனவ நான்தான். ரெண்டு பேரு வேலையும் போச்சின்னா எங்க பொண்ணு மதிவதனி காலேஜு இன்னா ஆவும்னு நெனச்சேன். என் கை தொடப்பத்தையே புடிச்சிக்கினு இருந்துச்சி. தூ, இன்னா பொழப்பு!

முத்துச்செல்வி கட்டுப் போட்ட கையோட ஊருக்கு பஸ் ஏறிட்டா. அதுக்கு மறுநாள் இவரு கார்டைத் தேச்சா கேட் தொறக்கல, வேலை போச்சி. இப்போ ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு லாட்ஜுல வாட்ச்மேன். நான் இன்னும் அங்கதான் பெருக்கறேன். கவரை மாட்டிட்டாங்க, தெனம் நான்தான் தொடைக்கறேன்.

மீட்டிங் நடந்த அன்னிக்கி சாயந்தரம் டீ போட்டுக் குடுத்தேன். திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. டம்ளரை வாங்கிக்கினு, "நீ அந்தாண்ட பெருக்கிக்கினு இருந்திருப்ப கிளி. கவரு இல்லாதத நீ பாத்திருக்க மாட்ட"ன்னாரு.

"ஆமாய்யா, பாக்கல"ன்னு சொன்னேன்.