சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்

திம்பம் மலைப்பாதையில் அவரும் நானும் ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளில் ஒரு வெயில் நாள். சிங்காநல்லூரிலிருந்து கிளம்பி எனக்கு அது இரண்டாம் நாள். மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் சிமெண்ட் லாரியின் கிளீனர். முதல் கியரில் முனகியபடி ஊர்ந்த லாரி எங்காவது நின்றால் சக்கரத்துக்கு அடியில் போட, மரக்கட்டையோடு பின்னாலேயே நடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். காக்கி டவுசர், தலையில் ஈரத்துண்டு, இடது கட்டைவிரலில் நகமே இல்லை.

வளைவுக்கு வளைவு லாரி சூடாகி நின்றது. நானும் நின்றேன். லாரிக்குக் கட்டையைப் போட்டுவிட்டு, ஒரு கல்லைக் கொண்டுவந்து என் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் வைப்பார். கிளம்பும்போது மறக்காமல் அதை எடுத்து ஓரமாகப் போடுவார்.

"ஏனுங்க, மேல ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டார்.

"ஆருமில்லீங்க. மில்லுல வேலை இல்லீன்னு லே-ஆப் உட்டுட்டாங்க. ஊட்டுல இருக்க முடியாம கெளம்பிட்டனுங்க."

அவர் என் கால்களைப் பார்த்தார்.

பதினாறாவது வளைவில் எனக்கு முடியவில்லை. "நான் திரும்பிப் போறனுங்க" என்றேன். லாரி உறுமியதும் கட்டையை உருவிக்கொண்டு என்னிடம் வந்தவர், இந்தமுறை கல்லைத் தொடவில்லை.

"மேல போறதுன்னா நான் எடுத்துப்போடுவனுங்க. கீழ போறதுக்கு நீங்களே எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு லாரியின் பின்னால் ஓடினார்.

கோபமா கேலியா, இன்றுவரை தெரியவில்லை. வெகுநேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து சைக்கிளை மேல்நோக்கித் தள்ளியபோதுதான் உறைத்தது, அந்தப் பக்கம் போவதற்குக் கல்லை எடுக்கவே வேண்டியதில்லை.