மன்னிப்புக் கேட்ட ராட்சச மிருகம்

உவேசகா கென்சோ இருபத்து நான்கு வருடம் சினிமாவில் டோக்கியோவை மிதித்துத் துவைத்தவர். எழுபது கிலோ ரப்பர் தோலுக்குள் புகுந்து, வாலை இழுத்துக்கொண்டு, இடுப்புயரக் கட்டடங்களை நொறுக்குவதுதான் அவர் பிழைப்பு. உலகமே அந்த மிருகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. உள்ளே வேர்த்துக் கொட்டிய ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு படத்தில் மிருகம் ஒரு வங்கியை மிதித்துவிட்டு, இடுப்பை வளைத்துத் தலைகுனியும். அடேயப்பா, அதற்கு வெளிநாட்டில் எத்தனை வியாக்கியானம்! பாரிஸில் ஒரு பேராசிரியர் நானூறு பக்கம் எழுதினார். மனிதகுலத்தின் பாவத்துக்காக இயற்கை வருந்துகிறதாம். பிரேசிலில் அதை முதுகில் பச்சை குத்திக்கொண்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அந்த வங்கியை மறுநாள்தான் இடிக்க வேண்டும். மாதிரிக் கட்டடம் செய்யும் ஹிகிதா, நாற்பது நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒட்டிய வங்கி அது. தோலுக்குள் கண் தெரியாமல் உவேசகா காலை வைத்துவிட்டார். "அடப்பாவி!" என்று ஹிகிதா அலறியதும், தப்பு செய்தால் குனிந்து மன்னிப்புக் கேட்கும் ஜப்பானியப் பழக்க தோஷம், வாலும் கொம்புமாக அவர் பக்கம் குனிந்துவிட்டார். மறுபடி எடுக்க வேறு வங்கி இல்லை; அதை அப்படியே படத்தில் விட்டுவிட்டார்கள்.

இப்போது மிருகத்தைக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம் என்று பேச்சு. அந்தத் தோலை விட்டால் உவேசகாவுக்கு வேறு வேலை தெரியாது. வெளிநாட்டு ரசிகர்கள் கூடிய விழாவில் முதலாளி நிஷிகோரி காதைக் கடித்தார்.

"ஏன் குனிஞ்சீங்கன்னு கேப்பாங்க, உவேசகா. மனிதகுலம், கண்ணீர்னு பெருசா அடிச்சு விடுங்க. கூட்டம் மயங்கிட்டா அடுத்த படத்துலயும் நீங்கதான்."

மேடையேறினால், முன்வரிசையில் ஹிகிதா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொய் சொல்ல நாக்கு புரளவில்லை.

"தப்பான கட்டடத்த மிதிச்சுட்டேங்க. அந்தா இருக்காரே, அவர்கிட்டதான் மன்னிப்புக் கேட்டேன்."

எண்ணூறு பேரும் எழுந்து ஹிகிதாவைப் பார்த்துக் குனிந்தார்கள். சிலர் தேம்பித் தேம்பி அழுதார்கள். "யோவ், மானத்த வாங்கிட்டியேய்யா!" என்று ஹிகிதா கூனிக் குறுகினார்.

முதலாளிக்கு முகமெல்லாம் பல். "பிரமாதம்! அடுத்த படத்துல நிமிஷத்துக்கு ஒரு தடவ குனிய விட்டுருவோம். பாவம், உங்க முதுகு தாங்காது. மிருகம், கட்டடம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

படம் உலகமெல்லாம் ஓடியது. வேலை போன இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மிருகம் எண்பத்தாறு முறை, ஒரு சுருக்கம் விழாமல் குனிந்தது.

"இது யாருகிட்டய்யா மன்னிப்புக் கேக்குது?" என்றார் ஹிகிதா.

"யாருகிட்டயும் இல்லண்ணே. அங்க யாரும் எதையும் கட்டலயே."