கேபிள்காரர் வந்துபோன நாட்கள்

என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் அப்போது நான்கு வருடம் முடிந்திருந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்கள் பலரைப் போல அவரும் வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்கோதான் இருப்பார். ஒரு நாள் அங்கே, பூமிக்குள் இறக்குகிற இரும்பு ராடைத் தூக்கியபோது கம்பிக் கயிறு அறுந்தது. இருபதடி நீள ராடு அவர் முதுகில் விழுந்தது. உயிரோடு வீடு வந்து சேர்ந்தார். அதன்பின் கட்டில்தான்.

நான் தறிப் பட்டறைக்குப் போகிறவள். காலையில் அவரைத் துடைத்து, மூத்திரப் பையை மாற்றி, சாப்பாடு கொடுத்து, எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்பிவர ஆறாகிவிடும். மத்தியானம் எதிர்வீட்டு அக்கா வந்து ஒருவாய் சோறு கொடுத்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். மீதி நேரம் முழுக்க டிவி. கட்டிலை உள்ளறையில் பின்சுவர் ஓரமாகப் போட்டிருந்தோம். குளியலறை அங்கிருந்து பக்கம். ஆனால் அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியாது. ரிமோட் கை நழுவி விழுந்துவிட்டால் எடுத்துக்கொடுக்க ஆளில்லை என்று அதை ஒரு நாடாவால் கட்டில் சட்டத்தில் கட்டிவைத்திருந்தேன்.

கேபிள் இணைப்புதான் இருந்தது. அந்த ஒயர் ரோட்டோரப் புளியமரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தொங்கிக்கொண்டு வரும். காற்றடித்தால் படம் போய்விடும். வைக்கோல் ஏற்றிய லாரி ஒயரை இழுத்துக்கொண்டு போய்விடும். கேபிள்காரர் வீட்டில் கரண்ட் இல்லையென்றாலும் எங்கள் வீட்டில் படம் வராது. நான் வேலை முடிந்து வரும்போது அவர் பல நாள் அணைந்த திரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். எப்போதிலிருந்து என்று கேட்டால், "காத்தாலயே போயிருச்சு புள்ள" என்பார்.

அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாற்றிவிடலாம் என்று முடிவுசெய்தேன்.

முதலில் டிஷ் ஆன்டெனா போடலாம் என்றான் கொழுந்தன். ஒரு ஆளையும் அனுப்பிவைத்தான். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்துக் காட்டுத் தென்னைகள் மறைக்கின்றன, கூரை சிமெண்ட் ஷீட், உயரமாக ஒரு குழாய் நட்டு அதன்மேல்தான் மாட்ட வேண்டும் என்றார். காற்றுக்கு அது அவ்வப்போது திரும்பிக்கொள்ளுமாம்.

"அப்பப்ப மேல ஏறித் திருப்பி வெக்கோணுங்க. ஊட்ல ஆம்பள யாரும் இல்லீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

உள்ளறையில் டிவி ஓடவில்லை. அவர் கேட்டது என் கணவர் காதில் விழாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த ஆளை நான் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் போனில் ஒரே முடிவாகச் சொன்னாள். "நெட்டு போட்றும்மா. மெயின் ரோட்டு வரைக்கும் லைன் வந்துருச்சாம். நான் புது டிவி வாங்கித் தாரேன். அப்பா என்ன வேணுமோ வாயில சொன்னாப் போதும், வரும். பொழுதோட என்ற மூஞ்சியவே டிவில பாத்துப் பேசலாம்."

எனக்கும் அது சரியென்று பட்டது. அவரிடம் சொன்னேன்.

"கேபிளே இருக்கட்டும் புள்ள" என்றார்.

"ஏனுங்க? வாரத்துல மூணு நாளு படமே வர்றதில்ல."

"பழகிருச்சு."

"என்னத்தப் பழகிருச்சு? வெறும் பொட்டியப் பாத்துட்டுக் கெடக்கறதா?"

படுக்கையில் கிடப்பவர்களுக்கு எதையும் மாற்றப் பிடிக்காது என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது டிவியோடு வந்தாள். மறுவாரம் நெட் கொடுக்கிறவர்கள் வந்து சுவரில் ஓட்டை போட்டு ஒரு மெல்லிய ஒயரை உள்ளே விட்டார்கள். கேபிள்காரரை வரச்சொல்லி நானே விஷயத்தைச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. எங்களுக்கு உறவில்லை. பத்தாம் தேதிவாக்கில் மாதப் பணம் வாங்க வருவார் என்பது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் நான் பட்டறையில் இருப்பேன். பணத்தைக் கணவரின் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போவேன்.

"அண்ணன் செரின்னுட்டாங்களாக்கா?" என்று கேட்டார்.

"அவரு என்னத்தச் சொல்லப் போறாரு தம்பி? நாந்தான் சொல்றேன்."

அவர் ஒயரைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் டீ வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து எதையோ சொல்ல வந்தவர், "செரிங்கக்கா, வாரனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புது டிவி வந்த முதல் மாதம் நன்றாகத்தான் போனது. ரிமோட்டிடம் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது பேசிப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் நான் வந்தபோது திரையில் ஒரு ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கிணறு போடுவதை முழுக்கப் படம்பிடித்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ராடு இறங்குகிறது, மண் புகையாய் எழும்புகிறது, நானூறடியில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது, நிலத்துக்காரர்கள் நனைந்தபடி கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

அவர் படுத்தபடியே அவர்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். "டேய், கேசிங் பைப்பு பத்தாதுடா, மண்ணு சரியும்." "இது கருங்கல்லு. பைய்ய எறக்கு." நான் சோறு பிசைந்து ஊட்டும்போது எந்தப் பாறைக்கு எந்தச் சத்தம் வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் தன் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதே கிடையாது. நான் செய்தது நல்ல காரியம் என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட்டார். "புள்ள, இங்க வா. இது நம்ம வண்டி."

படத்தை நிறுத்தி வைத்திருந்தார். பெயிண்ட் புதுசு, பேர் புதுசு. ஆனால் பின்பக்க ஏணி அவரே வெல்டு வைத்ததாம். கீழிருந்து மூன்றாவது படி கோணலாக இருந்தது. ராடுக்கு நேர் கீழே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். என் கணவர் வயதுதான் இருக்கும். தலைக்குத் தொப்பி இல்லை. ஒரு துண்டை மட்டும் கட்டியிருந்தார்.

"நான் நின்ன எடம்" என்றார். "ரோப்பப் பாரு. பிரி விட்டுருக்குது பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. வண்டி முதலாளிக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன். மணியடித்து நின்றது. மறுபடி போட்டால் அணைத்து வைத்திருந்தார்கள். பிறகு என் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அடியில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: கயிறு பிரிந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள், ராடுக்குக் கீழே ஆளை நிறுத்தாதீர்கள், இதே வண்டியில் எனக்கு முதுகு போனது.

மறுநாள் பதில் வந்திருந்தது. நான்கைந்து பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்ததை, யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டேன். "பெருசு, ஊட்ல உக்காந்துட்டு டிவி பாரு. எங்களுக்கு வேல தெரியும்."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கு உறைத்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அந்தப் படத்தைத் திறந்து பார்த்தால் நாங்கள் எழுதியதையே அங்கிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

அதோடு அவர் டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் போட்டுவிட்டுப் போனால் அணைத்துவிடுவார். மகள் திரையில் வந்து பேசினால் கண்ணை மூடிக்கொண்டு "உம்" கொட்டுவார். ஒரு நாள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார், "கேபிளுக்கே போயிரலாமா புள்ள?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுல வர்ற சீரியல் எல்லாமே இதுலயும் வருதுங்க. அதுல என்னதான் இருக்குது?"

"ஒண்ணுமில்ல. உடு" என்றார்.

இதை எதிர்வீட்டு அக்காவிடம் குறையாகத்தான் சொன்னேன். குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, உனக்கு நெசமாலுமே தெரியாதா?"

"என்னதுங்கக்கா?"

"அந்தக் கேபிள்காரத் தம்பி வந்தா சும்மாவா போவாப்ல? உன்ற ஊட்டுக்காரனத் தூக்கிட்டு வந்து வாசல்ல சேர்ல உக்கார வெப்பாப்ல. ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டுப் பேசிட்டிருப்பாங்க. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். மறுக்கா தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சுட்டுத்தான் போவாப்ல. உன்றகிட்டச் சொல்லக்கூடாதுன்னு என்றகிட்டயும் சத்தியம் வாங்கிட்டான்."

உட்கார வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதுகெலும்பின் நுனியில் படுக்கைப் புண். மருந்து போட்டு ஆற்றிக்கொண்டு வருவேன், மாதத்தில் ஒரு தடவை அது மறுபடி வாய் திறந்துகொள்ளும். காரணம் தெரியாமல் மெத்தையைக் குறை சொல்லியிருக்கிறேன், எதிர்வீட்டு அக்கா ஒழுங்காகப் புரட்டுவதில்லை என்றுகூட நினைத்திருக்கிறேன். கேபிளை நிறுத்திய பிறகு புண் நன்றாக ஆறிக்கொண்டுதான் வந்தது. அதையும் நெட் வந்த நல்ல நேரம் என்று எண்ணியிருந்தேன்.

அன்று பட்டறைக்குப் போகாமல் பஸ் ஏறி ஆட்டையாம்பட்டிப் பக்கம் கேபிள்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் ஜவ்வரிசி ஆலையில் வேலைக்குப் போயிருந்தார். அங்கேயே போய்ப் பார்த்தேன். காய்கிற மாவுக்கு நடுவே கால் வெள்ளையாக வந்து நின்றார்.

"உங்க தெருவுல லைனே எடுத்தாச்சுங்கக்கா. எல்லாரும் நெட்டுக்குப் போயிட்டாங்க. நாலஞ்சு ஊட்டுக்கு எப்படி ஓட்றது?" என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"லைனு வேண்டாம் தம்பி. நீங்க சும்மா ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தானுங்க. அண்ணன் கேட்டாங்க. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அதற்குள் கணவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூத்திரத்தில் கிருமி, அங்கிருந்து ரத்தத்துக்குப் போகிறது என்றார் டாக்டர். சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். வண்டி வருவதற்குள் கேபிள்காரர் வந்து சேர்ந்தார். உட்கார வைக்கிற நிலையில் கணவர் இல்லை. நானே கேட்டேன், ஐந்து நிமிடமாவது வைக்கலாமா என்று. தூக்கப் போனபோது வலியில் பல்லைக் கடித்தார். கேபிள்காரர் மெல்லக் கீழே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

"அண்ணா, பால் வண்டி போகுதுங்க" என்று அங்கிருந்தே சொன்னார். "முட்ட லோடு ஒண்ணு நாமக்கல் பக்கமிருந்து வருதுங்க. பின்னால ரெண்டு பொம்பளைங்க ஸ்கூட்டியில."

"ரிக்கு ஏதாச்சும் போகுதா?" என்றார் கணவர். குரல் எழும்பவில்லை. நான்தான் அதை வாசலுக்குச் சொன்னேன்.

"இல்லீங்கண்ணா. ஒண்ணும் போகல."

ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார். நான் கேட்டுவிட்டேன். "என்றகிட்ட ஏனுங்க சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்பே. நீ சொல்றது செரின்னு எனக்கும் தெரியும். அப்பறம் எப்படிப் புள்ள உக்கார்றது?"

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நான்காம் நாள் காலையில், மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து பத்து நிமிடம் கழித்து இறந்தார்.

டாக்டரிடம் மகள் கேட்டாள், உட்கார்ந்ததால் வந்ததா என்று. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, நான்கு வருடம் நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள் என்றார் அவர். மகளுக்கு அது ஆறுதலாக இருந்தது. நான் பட்டறைக்குப் போய்வருகிறேன். அங்கே தறிச் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. எனக்கு இப்போது அதுதான் வசதியாக இருக்கிறது.