சத்தம் நின்ற மத்தியானம்

என் தம்பி பிறந்த வருடம் ஆவடியில் மழை விடவே இல்லை. அவன் நெஞ்சிலிருந்து வந்த சத்தமும் விடவில்லை. தீபாவளிக்கு முன்னால் சாதாரண மூக்கடைப்பாகத்தான் ஆரம்பித்தது. கார்த்திகை விளக்கு வைப்பதற்குள் அது மூக்கை விட்டு நெஞ்சுக்கு இறங்கி, கர்ர் கர்ர் என்று வீடு முழுக்கக் கேட்கத் தொடங்கிவிட்டது. இரண்டு வாய் பால் குடிப்பான், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவான். அழுதால் இன்னும் அடைக்கும்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால் பயம். தம்பிக்குள் வேறு ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு உறுமுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் நெஞ்சில் காதை வைப்பேன், உடனே எடுத்துவிடுவேன்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள், ஆளுக்கொரு வைத்தியமும் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அத்தை கற்பூரவல்லியைப் பிழிந்து கொண்டுவருவார். மாடி வீட்டு ஈரோட்டு அக்கா துளசிச் சாறோடு வருவார். அத்தனையும் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தச் சின்ன வாய் ஒன்றுதான்.

ஆனால் வீட்டு வைத்தியத்துக்கு அதிகாரி என் சொந்த அத்தைதான். அப்பாவின் அக்கா. பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் பூந்தமல்லியிலிருந்து வந்தவள், தம்பியைப் பிரிய மனமில்லாமல் அப்படியே தங்கிவிட்டாள். தம்பி மீது அவளுக்கு உயிர். அவனுக்கு ஒரு தும்மல் வந்தால் இவள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். சளிக்குக் காற்றுதான் காரணம் என்பது அவள் தீர்ப்பு. ஜன்னல்கள் எல்லாம் மூடப்பட்டன. கதவிடுக்கில் கந்தல் துணியைச் சுருட்டித் திணித்து வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நான் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"சீக்கிரம் சாத்துடி! காத்து பட்சின்னா கொயந்தைக்கு மாருல சளி கட்டிகினு பூடும்."

இதோடு இன்னொரு சிக்கல். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த தம்பியின் துணிகள் அந்த மழையில் காயவே மாட்டேன் என்றன. அதனால் அத்தை, மண்சட்டியில் கொட்டாங்கச்சிக் கனல் எடுத்து, அதில் சாம்பிராணியைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மீது ஈரத்துணிகளைப் பரப்பிவிடுவாள். துணியும் காயும், வாசனையும் ஏறும், குழந்தைக்குக் கதகதப்பும் கிடைக்கும் என்று ஒரே சட்டியில் மூன்று காரியம். தூளிக்குப் பக்கத்திலேயே அந்தக் கூடை நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. எனக்கே கண் எரியும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்து, வீட்டில் புகை கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். அம்மா வந்து அத்தையிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, டாக்டரம்மா பொகை வாணாம்னாங்க."

அத்தைக்குக் கோபம்கூட வரவில்லை. விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "பொகைன்னா அவங்க அடுப்புப் பொகையச் சொல்லிருப்பாங்கம்மா. பீடிப் பொகையச் சொல்லிருப்பாங்க. இது சாமிக்குப் போடற சாம்பிராணி. இத்த மோந்துகினுதான் உன் ஊட்டுக்காரன் வளந்தான்."

சாம்பிராணியைப் புகை என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அப்பா பீடியை வாசலுக்குக் கொண்டுபோனார். அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தாள். கூடை இருந்த இடத்தில் இருந்தது.

அம்மாவுக்கும் அந்தச் சத்தம் என்றால் பயம் என்று நான் உறுதியாக நம்பினேன். குழம்பு கிண்டிக்கொண்டே இருப்பவள் சட்டென்று கையை நிறுத்துவாள். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். கர்ர் என்று கேட்டதும் மறுபடி கிண்டுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான், பேச்சு பாதியில் நிற்கும். பாவம் அம்மா, இந்தச் சத்தம் தொலைந்தால்தான் இவள் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன்.

அதனால் சாமியிடம் ஒரு பேரம் பேசினேன். பொங்கலுக்கு எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அந்தப் பாவாடை எனக்கு வேண்டாம், தம்பி சத்தத்தை மட்டும் நிறுத்திவிடு என்றேன். தினமும் சொன்னேன். பாவாடையின் நிறம் நினைவுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் குரல் இறங்கும்.

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட ஒரு மத்தியானம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா பின்பக்கக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அத்தை சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் படுத்தவள் அசந்துவிட்டாள். தம்பியின் தூளி என் பொறுப்பு. அன்று காலையிலிருந்தே அவன் சத்தம் மோசம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாவாடை வேண்டாம், பாவாடை வேண்டாம் என்று சொல்லியபடி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு இல்லை.

வெளியே மழை பெய்வது அப்போதுதான் எனக்குக் கேட்டது. தூளியை விலக்கிப் பார்த்தேன். தம்பி அழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! சாமி கேட்டுவிட்டது. பின்பக்கம் ஓடினேன்.

"அம்மா! தம்பிக்குச் சரியாப் போச்சும்மா! சத்தமே இல்ல!"

அம்மாவின் கையிலிருந்த வாளி சிமெண்டுத் தரையில் விழுந்தது. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தூளியிலிருந்து அவனை வாரி எடுத்தபோது அவன் தலை அவள் கைமேல் துவண்டு சாய்ந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

"அண்ணி! கதவத் தொறங்க! எல்லாத்தையும் தொறங்க!"

அத்தையை அம்மா அதட்டியது அதுதான் முதல் தடவை. அத்தை பதறி எழுந்து, கூடையைக் காலால் எத்திவிட்டு, கனலும் சட்டியுமாகத் தூக்கி மழையில் எறிந்தாள். கை வெந்தது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. திருநெல்வேலி அத்தை வீட்டு மாமா தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். செருப்பில்லாமல், ஈரப் புடவையோடு அம்மா ஏறினாள். நானும் ஏறிக்கொண்டேன். யாரும் இறங்கு என்று சொல்லவில்லை.

ஆட்டோவில் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தில் ஊதினாள், உள்ளங்காலைச் சுண்டினாள், "கத்துடா, கத்துடா ராஜா" என்றாள். எனக்குக் கோபமாக வந்தது. நானே என் பாவாடையைக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறேன், இவள் எதற்காக அவனைக் கத்தச் சொல்கிறாள்?

ஆஸ்பத்திரியில் அவனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நான் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். தொழிற்சாலைச் சங்கு ஊதிய பிறகு அப்பா வந்தார், காக்கிச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் நர்ஸம்மா கதவைத் திறந்து கூப்பிட்டார். தம்பி மூக்கில் குழாயோடு கிடந்தான். அறைக்குள் கால் வைத்ததுமே எனக்குக் கேட்டுவிட்டது. கர்ர். கர்ர்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இத்தனை பேர் சேர்ந்து, சாமி நிறுத்தி வைத்ததை மறுபடி ஓடவிட்டுவிட்டார்களே!

"திரும்பவும் வந்துடுச்சும்மா" என்று தேம்பினேன்.

அம்மா அவன் நெஞ்சின் மீது காதை வைத்தபடி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டி கண்ணு" என்றாள், "வந்துடுச்சு."

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, நான் இன்னும் பலமாக அழுதேன்.