கரண்டிச் சண்டைக்காரனின் குரல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் குங்ஃபூ படம் தொடங்கியதும் தாட்சாயிணி டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவாள். பத்துப் பேர் சுற்றி நின்று அடிக்க, குண்டுச் சமையற்காரன் ஒற்றைக் கரண்டியோடு சமாளிக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுச் சுவேதா விழுந்து விழுந்து சிரிப்பாள். திரும்பித்தான் பாரேன் என்று கெஞ்சுவாள்.

"மூஞ்சி எவனோடதோ. எனுக்கு இன்னாத்துக்கு? தொண்ட அவரோடது" என்பாள் தாட்சாயிணி.

அந்தச் சீனச் சமையற்காரனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் அவள் கணவர் நடேசன். காட்டுப்பாக்கத்துக்கு அவர்கள் குடிவந்த வருஷம் அது. அடிவாங்கிக் களைத்தவன் எதிரிகளையே சாப்பிடக் கூப்பிடும் இடத்தில், எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டுத் தன் வாய்ப்பேச்சிலேயே பேசிவிட்டார். படம் நாலே நாள்தான் ஓடியது. சண்டை பார்க்க வந்த கூட்டம் அந்த இடத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தது. சீனக்காரன் வாயில் மெட்ராஸ் பாஷை ஒட்டவில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை. திருமழிசையில் ஒரு கம்பெனிக்குக் காவலாளியாகப் போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

மறுவருஷம்தான் டிவிக்காரர்கள் படத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். வாராவாரம் போட்டார்கள். ஊரே சிரித்தது.

"அன்னிக்கு ஒர்த்தன் சிரிச்சிருந்தா போதும், மனுசன் வேற மாரி இருந்திருப்பாரு" என்பாள் தாட்சாயிணி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் புதுக் குரல்களோடு வந்தது. சமையற்காரன் சுத்தத் தமிழில் பேசினான். தாட்சாயிணி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பழைய பிரதி கெட்டுப்போய்விட்டதாம். சுவேதா போனில் தேடிப் பார்த்தாள், எங்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் விளையாட்டாக முதுகில் குத்த, வாங்கியவன் கரகரத்த தொண்டையில் சொன்னான்:

"அட்ச்சது போதும் நைனா. வந்து துன்னுட்டுப் போங்க."

மூச்சு வாங்கிய இடமும் இழுத்த இடமும் அச்சு அசல் நடேசன். கடைசிச் சொற்கள் ஆட்டோவின் இரைச்சலில் அமுங்கிப்போயின.

"யாரு பேசுனது தம்பி அது?"

"தெர்லக்கா. டிவில வருமே, குண்டு குக்கு."

அது தன் வீட்டுக்காரர் குரல் என்று அவள் சொல்லவில்லை. "இன்னொரு தபா சொல்றியா?" என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள், கையமர்த்தி நிறுத்திவிட்டு, முன்னால் குனிந்து ஓட்டுநரின் தோளைத் தொட்டாள். வண்டியை ஓரங்கட்டி, ஒரே ஒரு நிமிஷம் எஞ்சினை அணைக்கச் சொன்னாள்.