அதிகாரியின் காருக்குள் மழை

கார் பட்டறை வேலையில் தண்ணீர் ஒழுகும் புகாரைப் போல மானத்தை வாங்குவது வேறொன்றுமில்லை. ஒழுகுவது ஓரிடம், அடைத்திருப்பது இன்னோரிடம். காருக்கடியில் மல்லாந்து படுத்துக் கண்ணில் சேறு வாங்கிய அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில் காஜா பேராங் என்ற பகுதியில் நான் வேலை பார்த்த பட்டறையில் நடந்த கதை இது.

தொப்பி நனைந்தது

பட்டறை முதலாளி பெயர்தான் நாய்க்கர், ஆள் மலாக்காச் செட்டி; பல தலைமுறைக்கு முன்னே அங்கே குடியேறிய தமிழர் வழி. கும்பிடுவது நம் சாமியைத்தான். தமிழ் மட்டும் வராது, எல்லாம் மலாய். ஒரு காலையில் காதர் நானா ஒரு பெரிய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஜப்பானிய அதிகாரி ஒருவருக்கு அவர் டிரைவர்.

அந்தக் காரின் கூரையில் ஒரு தகடு உண்டு. பின்னால் தள்ளினால் அது கூரைக்குள் இருக்கும் பொந்தில் போய் நுழைந்துகொள்ளும், வானம் தெரியும். ஓரத்தில் இறங்கும் மழைநீர் வடிய நான்கு மூலையிலும் ரப்பர் குழாய். அதில் பின்மூலைக் குழாய் அடைத்துக்கொண்டதில், முந்தின நாள் மழை மொத்தமும் அதிகாரியின் தொப்பியில் இறங்கியிருக்கிறது. நானாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"மத்தியானம் அவரே வந்து பார்ப்பாராம். இன்னொரு சொட்டு விழுந்தா அடுத்த கன்னம் இல்ல தம்பி, தலைதான்."

பம்பருக்கு வணக்கம்

யார் குரலையும் அப்படியே எடுக்கும் என் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை. காருக்கடியில் படுத்தபடியே தொண்டையைக் கரகரப்பாக்கி, "குரா! பக்கேரோ!" என்று அதிகாரியின் குரலில் ஜப்பான் வசவை எடுத்து அதட்டினேன். நானா விறைத்து நின்று, இடுப்புவரை வளைந்து, எதிரே ஆளே இல்லாமல் பம்பருக்கு ஒரு வணக்கம் போட்டார். நான் சிரித்த சிரிப்பில் நெற்றி அச்சில் இடித்துக்கொண்டது.

நானா குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "சிரிடா, சிரி. அவன் கையால அடிக்கிறான், நீ வாயால அடிக்கிற. நான் ரெண்டு பேருக்கும் குனியுறேன்."

குழாய் கக்கியது

கம்பி விட்டால் ரப்பர் கிழியும். அதனால் குழாயின் கீழ்முனையில் சைக்கிள் பம்பைச் செருகி அடித்தேன். பத்தாவது அடியில் மேலே 'பொளக்' என்றது. காருக்குள் தலையை நீட்டியிருந்த நாய்க்கரின் மூக்கில் வெள்ளையாக எதுவோ வந்து அப்பியது. இலையோ பூவோ என்று பார்த்தால், ஊறி உப்பிப் புளித்த அரிசி!

ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்ற காலம். திருட்டு அரிசியோடு பிடிபட்டவன் முழுசாக வீடு திரும்ப மாட்டான். நாய்க்கர் பட்டறைக் கதவைச் சாத்தினார். நானா எல்லாவற்றையும் சொன்னார். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வயற்காரரிடம் வாங்கி, துணிப்பையில் கட்டி, கூரைப் பொந்துக்குள் தள்ளிக் கொண்டுவருகிறாராம். அதிகாரி காரைக் காவல் சாவடியில் எவனும் சோதிப்பதில்லை. பையில் ஓட்டை விழுந்தது அவருக்குத் தெரியாது. மீதி அரிசி இன்னும் உள்ளேதான் இருந்தது.

"புள்ள பொறந்து எட்டு நாளாச்சு. கிழங்கைத் தின்னு என் பொஞ்சாதிக்குப் பால் சுரக்கல. அவன் தலைக்கு மேல வைக்காம வேற எங்கடா நான் ஒளிப்பேன்?"

கீச்

பையை எடுக்க நான் பின்சீட்டில் மண்டியிடுவதற்குள் கதவு தடதடத்தது. அதிகாரி! சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நாய்க்கரின் மூக்கைப் பார்த்தார். கூரையைக் காட்டித் திறக்கச் சொன்னார். திறந்தால் தகடு நேரே பையில் போய் முட்டும். நானா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பொந்தருகே முகத்தை வைத்து, உதடு அசையாமல் 'கீச்' என்றேன். அப்புறம் இன்னும் சன்னமாக ஒரு கீச். மூன்று குஞ்சும் ஒரு தாயும் ஆனேன். அதிகாரியின் கை அப்படியே நின்றது. நாய்க்கர் மூக்கைக்கூடத் துடைக்காமல், குருவி கூடு கட்டியிருக்கிறது துவான், அது கொண்டுவந்த அரிசிதான் குழாயை அடைத்தது என்று மலாயில் சாதித்தார். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து கூரையில் காதை வைத்தார். தாய்க்குருவி பதறியது.

அரைகுறை மலாயில் அவர் மெதுவாகச் சொன்னது: "திறக்காதே. குஞ்சு பெரிசு ஆகும். பறக்கும். அப்புறம் திற."

தீனி

அன்றே பை வெளியேறியது. மறுநாள் காலையில் நானா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். அதிகாரி தம் சாப்பாட்டு அரிசியிலிருந்து குஞ்சுகளுக்கு ஒரு பிடி அனுப்பியிருந்தார். அடுத்த நாளும் அனுப்பினார். அந்த அரிசியில்தான் நானா வீட்டில் கஞ்சி கொதித்தது. ஓடும் காரில் குஞ்சுகள் பயந்து அடங்கிவிடும் என்று நானா அவரிடம் சொல்லிவைத்திருந்தார். சில நாள் அதிகாரியே காரோடு வந்துவிடுவார். நான் குழாய் பார்க்கும் சாக்கில் உள்ளே தலைவிட்டுக் கீச்சிடுவேன். குஞ்சு வளர்கிறதே, வாரத்துக்கு வாரம் குரலையும் தடிப்பாக்க வேண்டியிருந்தது.

"நானா, இனியும் வளர்ந்தா கோழின்னு நினைச்சுக்குவாரு. பறக்க விட்டுடலாம்" என்றேன்.

நானா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்படாதடா. புள்ள இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கு. கூட்டுல இன்னொரு முட்டை இருக்குன்னு சொல்லிப் பாக்கட்டா?"

குழாய் அடைப்பை எடுக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. இல்லாத குருவிக்கு இரண்டு ஈடு குஞ்சு வளர்த்துப் பறக்கவிடத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.